லேபிள் இல்லாத நாற்காலி

ஸ்ட்ரோம்நெஸ், ஆர்க்னித் தீவு
பிப்ரவரி 24

நெவில்,

வந்து சேர்ந்துவிட்டேன். கப்பல் ஆடிய ஆட்டத்தில் புதிதாக வைத்த இடுப்பு மூட்டு கழன்று விழுந்துவிடுமோ என்று பயந்தேன். விழவில்லை. ஐரீன் அக்கா துறைக்கு வந்து என்னையும் நான் பிடித்து நடக்கிற வாக்கரையும் காரில் ஏற்றிக்கொண்டு போனாள்.

போன் செய்யாதே. செய்தால் எடுக்கமாட்டேன். போனில் நீ ஏதாவது சொல்வாய், நான் சிரித்துவிடுவேன். கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு சண்டையிலும் நீ அப்படித்தான் ஜெயித்திருக்கிறாய். சொல்ல வேண்டியது இருந்தால் தபாலில் சொல்.

ஆஸ்பத்திரியிலிருந்து என்னை அனுப்புவதற்கு முன்னால் ஒரு பெண் டேப்பை எடுத்துக்கொண்டு நம் வீட்டை அளக்க வந்தாளே, அவளிடம் நீ டீ போட்டுக் கொடுத்து நன்றாகப் பேசினாயாம். நல்ல மனிதர் என்றாள். அப்புறம் என் படுக்கையருகே குனிந்து, எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சொன்னாள்: “மிஸஸ் ஹோல்ராய்ட், நடைவழியில ஒரு ஆர்கன் வாத்தியப் பொட்டி நிக்குதுங்க. அதுக்குப் பக்கத்துல ரெண்டு பீரோ. வாக்கர் போகாது. மாடிப்படி பூரா கெட்டிலா அடுக்கியிருக்கு. உங்களை அங்க அனுப்பினா அடுத்த வாரமே இன்னொரு இடுப்பையும் உடைச்சுக்கிட்டு இங்கதான் வருவீங்க. வேற சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?”

பக்கத்துப் படுக்கைக்காரி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். எனக்கு இருக்கிற சொந்தக்காரன் அந்த வீட்டுக்காரன்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். ஐரீன் பெயரைச் சொன்னேன்.

ஊரில் யார் செத்தாலும் அவர்கள் வீட்டைத் துடைத்துவிட்டதுபோல் காலி செய்து பிள்ளைகள் கையில் சாவியைக் கொடுக்கிறவன் நீ. நெவிலைக் கூப்பிட்டால் கவலையில்லை என்று பாதிரியார்கூடச் சொல்கிறார். யாரும் வேண்டாமென்று மிஞ்சுவதெல்லாம் எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியாது. என் நடைவழிக்கு வருகிறது. சுவரில் யார் யாருடைய கல்யாணப் படங்களோ தொங்குகின்றன. நம்முடையது எங்கே என்று உனக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது.

ரத்த அழுத்த மாத்திரையை மறக்காதே. இதைச் சமாதானம் என்று எடுத்துக்கொள்ளாதே, வாய்ப் பழக்கம்.

பெவர்லி


பிரிட்லிங்டன்
மார்ச் 2

என் பெவ்,

தாளின் தலையில் ‘தோர்ன்டன், பல் மருத்துவர்’ என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதே. நான் பல் பிடுங்கப் போகவில்லை. அவர் வீட்டைக் காலி செய்தபோது மேஜை இழுப்பறையில் கட்டுக் கட்டாக இருந்தது. நல்ல கெட்டித் தாள். கூழாக்கப் போடுவதற்கு மனசு வரவில்லை.

நீ இல்லாத வீட்டைப் பற்றி எழுதத் தெரியவில்லை. அதனால் வேலையைப் பற்றி எழுதுகிறேன். போன வாரம் கடற்கரைச் சாலைக்குப் பின்னால் ஒரு அம்மாளின் வீடு. ஒரே மகள், லீட்ஸிலிருந்து வந்திருந்தாள். வழக்கம்போல அந்த வீட்டுக் கெட்டிலிலேயே டீ போட்டுக் குடித்துவிட்டுத் தொடங்கினோம். கெட்டிலைக் கடைசியில்தான் எடுப்போம் என்று சொன்னதும் அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. கெட்டில் இருக்கும்வரை அது வீடு, இல்லையா?

துண்டும் கம்பளியும் நாய்க் காப்பகத்துக்குப் போயின. மூக்குக் கண்ணாடிகள் கண்ணாடிக் கடைப் பெட்டிக்கு. சுத்தியல், ரம்பமெல்லாம் கருமான் தெருவில் ஓய்வுபெற்ற ஆண்கள் பழுது பார்க்கிற பட்டறைக்கு. ஜாம் ஜாடிகளை ஜாம் போடுகிற பெண்கள் கூட்டத்துக்குக் கொடுத்தேன். பல்செட்டுக்குக்கூட ஒரு இடம் கண்டுபிடித்தேன், உள்ளே இருக்கிற உலோகத்தை உருக்கி எடுக்கிறார்களாம். பாதி டப்பா பெயிண்ட் இருந்தது. செத்துப்போன நாலைந்து பேருடைய மிச்சப் பெயிண்ட்டைக் கலந்து சர்ச் ஹாலுக்கு அடித்திருக்கிறார்கள். என்ன நிறம் என்று கேட்காதே, கடவுளுக்கே பெயர் தெரியாது. கடைசியில் குப்பைமேட்டுக்குப் போனது ஒரே ஒரு பை.

சோபாதான் தோற்றது. அந்த அம்மாள் உட்கார்ந்தாளா இல்லையா என்றே தெரியாத அளவுக்குப் புதுசு. பழைய சாமான்களை விற்கிற மறுபயன் கடை ரீட்டாவிடம் இறக்கினோம். அவள் மெத்தையைத் தூக்கிப் பார்த்தாள்.

“லேபிள் எங்க?”

“வெட்டிட்டாங்க போல,” என்றான் என் கையாள் வின்ஸ். அவனுக்கு எந்த நேரத்தில் வாயை மூட வேண்டும் என்பது இன்னும் தெரியவில்லை.

“அப்ப எனக்கு வேணாம். தீப்பிடிக்காதுன்னு லேபிள் சொல்லணும். அது இல்லாததை வித்துட்டு, நாளைக்கு எவன் வீட்டிலயாவது பத்திக்கிட்டா, நான் கம்பி எண்ணணுமா?”

முன்பென்றால் பிரித்து மரத்தையும் ஸ்பிரிங்கையுமாவது எடுப்பேன். இப்போது அதுவும் கூடாது. பஞ்சில் போட்ட மருந்து விஷமாம், முழுசாக உலைக்குத்தான் போக வேண்டும். ஆக, தீப்பிடிக்காது என்று சொல்ல லேபிள் இல்லாத குற்றத்துக்காகத் தீயில் போடுகிறார்கள். இதைச் சட்டமாக்கியவன் என்றாவது கையில் கிடைத்தால் ஒரு டீ வாங்கிக் கொடுத்து விசாரிக்க வேண்டும். அந்த லீட்ஸ் மகள், சோபாவை ஏற்றிய உலை லாரி தெருமுனையில் திரும்புகிற வரை கடை வாசலிலேயே நின்றாள்.

இப்படி ஒன்று போகும்போதுதான் அடுத்த வீட்டில் மிஞ்சுகிற ஒன்றை நான் வண்டியில் ஏற்றிக்கொண்டு நம் வீட்டுக்கு வருகிறேன். நான் எறிந்துவிட்டால் அது குப்பை. வைத்திருந்தால் அது இன்னும் யாரோ ஒருவருடைய பீரோ. உனக்கு இது புரியாது என்று நான் சொல்லவில்லை. புரிந்து புரிந்து உனக்கு அலுத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

மாத்திரை சாப்பிட்டேன்.

நெவில்


ஸ்ட்ரோம்நெஸ்
மார்ச் 12

நெவில்,

டாக்டர் தோர்ன்டனின் கடிதம் கிடைத்தது.

வண்டியின் பக்கவாட்டில் பச்சை எழுத்தில் போட்டிருக்கிறாயே, ‘எதுவும் வீணாகாது’ என்று. அந்த வீட்டில் வீணாகப் போனது நான் ஒருத்திதான். பல்செட்டுக்கு இடம் தேடி அலைந்தவனுக்கு எனக்கு ஒரு வாக்கர் அகலம் இடம் கிடைக்கவில்லை. செத்தவர்கள்மேல் உனக்கு இருக்கிற இரக்கத்தில் பாதி உயிரோடு இருக்கிறவள்மேல் இருந்திருந்தால் நான் இன்றைக்கு இந்தக் காற்றில் வந்து அல்லாடிக்கொண்டிருக்க மாட்டேன்.

இங்கே காற்று என்றால் அப்படி ஒரு காற்று. துணி காயப் போட்டால் கிளிப்பைத்தான் முதலில் தேட வேண்டியிருக்கிறது. ஐரீன் வீட்டில் எதுவுமே இல்லை. ஒரு மேஜை, நாலு நாற்காலி, ஒரு பூனை. சமையலறையிலிருந்து படுக்கை வரை எதையும் இடிக்காமல், யாரிடமும் மன்னிப்புக் கேட்காமல் நடக்கலாம். முதல் வாரம் அது எனக்குச் சொர்க்கமாக இருந்தது. இப்போது வாக்கரை விட்டு ஒரு கம்போடு நடக்கிறேன். நடந்து எங்கே போவது என்றுதான் தெரியவில்லை.

கிளம்பும்போது வீட்டிலிருந்து என் துணிகளையும் பொத்தான் டப்பாவையும் கொண்டுவரச் சொன்னேன், நீ கொண்டுவந்தாய். டப்பாவை ஏன் கேட்டேன் என்று நீ கேட்கவில்லை. அந்த வீட்டில் என்னுடையது என்று கைநீட்டி எடுக்க முடிகிற இடத்தில் இருந்தது அது ஒன்றுதான்.

இன்னொன்று என் பச்சை நாற்காலி. ஐரீனின் நாற்காலிகளில் உட்கார்ந்தால் சர்ச்சில் உட்கார்ந்ததுபோல முதுகு நேராகிவிடுகிறது. மத்தியான வேளையில் நாற்காலியின் நினைப்பு வருகிறது. கூடவே எதிரில் தரையில் உட்கார்ந்து யாருடைய ரேடியோவையோ பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கிற ஆளின் நினைப்பும் வருகிறது. அதை நான் கூப்பிடவில்லை, தானாகத்தான் வருகிறது.

பெவர்லி


பிரிட்லிங்டன்
மார்ச் 19

பெவ்,

நேராகக் கேட்கிறேன், நேராகச் சொல். வீட்டைக் காலி செய் என்கிறாயா? ஒரு வரி எழுது, செய்துவிடுகிறேன். அதைச் சொல்லாமல் செத்தவர்கள், உயிரோடு இருக்கிறவள் என்று குத்திக்கொண்டே இருந்தால் எனக்கு என்ன புரியும்? நானும் மனிதன்தான். வேலை முடிந்து வந்து அந்த ஆர்கனுக்கும் பீரோவுக்கும் நடுவில் தோளைச் சாய்த்துக்கொண்டு நுழையும்போது “வந்தாச்சா?” என்று ஒரு குரல் கேட்காதா என்று இருக்கிறது.

உனக்கு ஆட்டுத்தோல் விரிப்பு ஒன்று பார்சலில் அனுப்பியிருக்கிறேன். புதுசு மாதிரிதான்.

நெவில்


ஸ்ட்ரோம்நெஸ்
ஏப்ரல் 3

நெவில்,

விரிப்பைப் பூனைக்குப் போட்டுவிட்டேன். அதில் யாருடைய வாசனைத் தூளோ இன்னும் மணக்கிறது.

அந்த ஒரு வரியை நான் எழுதமாட்டேன். எழுதினால் நீ உடனே செய்துவிடுவாய், அதுதான் பயம். எனக்காகச் செய்தேன் என்று ஆகிவிடும். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் “அந்த ஆர்கன் மட்டும் இருந்திருந்தா” என்று ஆரம்பிப்பாய். வேண்டாம். அது உன் வீடு, உன் பொருள், உன் செத்தவர்கள்.

ஒரு சேதி. ஐரீனின் சிநேகிதி ஒருத்தியின் வீட்டில் கீழ்த்தளம் காலியாகிறது. படிக்கட்டே கிடையாது. ஜன்னலைத் திறந்தால் துறைமுகம். மே மாதம் முடிவதற்குள் சொன்னால் போதும் என்கிறாள். ஐரீன், “எடுத்துக்கோடி, இந்த வயசுல இன்னும் என்னத்துக்கு அந்தக் குடோன்ல போய் முட்டிக்கிட்டு நிக்கணும்,” என்கிறாள். அவள் சொல்வதில் தப்பு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை.

அதனால் என் சாமான்களையும் உன் கணக்கில் சேர்த்துக்கொள். குளிர்கால அங்கிகள், தையல் மிஷின், எல்லாவற்றையும் யாருக்காவது கொடு. நாற்காலியையும். கப்பலில் ஏற்றி அனுப்புகிற அளவுக்கு அது ஒன்றும் ராணியின் சிம்மாசனம் இல்லை. நல்ல வீடாகப் பார்த்துக் கொடு, அதில் நீ கெட்டிக்காரன்.

தினமும் சாயங்காலம் கப்பல் வருகிற நேரத்துக்குத் துறைக்கு நடந்து போகிறேன். கால் பழகட்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இறங்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். எல்லோரும் இறங்கிய பிறகு கார்கள் இறங்கும். கார்களும் இறங்கிய பிறகு திரும்புகிறேன்.

பெவர்லி


பிரிட்லிங்டன்
ஏப்ரல் 20

பெவ்,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கோபமில்லை. கை ஓயவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் பக்கத்து ஊரில் ஒரு வேலை. தனியாக இருந்து செத்துப்போன மனிதர். கதவைத் தள்ளினால் திறக்கவில்லை, பின்னால் அவ்வளவு சாமான். பக்கவாட்டாகத்தான் நுழைந்தோம். உள்ளே எல்லாம் நல்ல பொருள்தான், பெவ். துடைத்து, அடுக்கி, மடித்து வைத்திருந்தார். சமையலறையில் பெட்டிகளை எடுக்க எடுக்க அடியிலிருந்து ஒரு நாற்காலி வந்தது. அதன் முதுகில் ஒரு பெண்ணின் கம்பளிச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அவர் மனைவி எப்போதோ மகன் வீட்டுக்குப் போய்விட்டாளாம். மகனே சொன்னான்: “அம்மா திரும்பி வர்றேன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தாங்க. உக்கார எடமில்லை.”

வண்டியில் வரும்போது வின்ஸ் ரேடியோவை அணைத்தான். “பாஸ், தப்பா எடுத்துக்காதீங்க. அது உங்க வீடு மாதிரியே இருந்துச்சு,” என்றான். நான் தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். வீடு வரும்வரை அவனைத் திட்டிக்கொண்டே வந்தேன். அப்புறம் நம் வீட்டு வாசலில் இறங்கி, கதவைத் தள்ளி, பக்கவாட்டாக நுழைந்தேன்.

மறுநாள் அவனை வரச் சொன்னேன். நம் வீட்டு வாசலில் நின்று நானே மணியை அடித்தேன். “யாரு பாஸ் வாடிக்கையாளர்?” என்றான். “ரொம்பக் கஷ்டமான ஆளு, வாயைக் கொடுக்காதே,” என்றேன். எல்லா வீட்டிலும் செய்வதுபோலவே செய்தோம். முதலில் டீ. அப்புறம் மாடியிலிருந்து கீழே. பச்சை ஸ்டிக்கர் இருக்கட்டும், மஞ்சள் கொடுக்கலாம், சிவப்பு எறியலாம். என்னை ஒட்ட விட்டால் வீடு பூராவும் பச்சையாகிவிடும் என்று அவனே ஒட்டினான். அவன் மத்தியானம் மீன் வறுவல் வாங்கப் போனபோது நான் சிலவற்றை மாற்றி ஒட்டினேன். வந்து பார்த்தவன் திரும்ப மாற்றினான். இப்படியே மூன்று தடவை.

கெட்டில்களையெல்லாம் சோதித்து, வீடில்லாதவர்களுக்குப் புதிதாக வீடு கொடுக்கிற சங்கத்துக்கு அனுப்பிவிட்டேன். சாவி வாங்கியதும் எல்லோரும் முதலில் கேட்பது கெட்டில்தானாம். இத்தனை வருஷம் அவற்றை மாடிப்படியில் உட்கார வைத்திருந்தேன் என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. பீரோக்கள் இரண்டும் பட்டறைக்குப் போயின, அலமாரியாக மாற்றுகிறார்கள். ஆர்கனை ஒருவரும் வாங்கவில்லை. இனாமாகத் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன், பள்ளிக்கூடத்தில் கேட்டேன், சர்ச்சில் கேட்டேன். கடைசியில் நானும் வின்ஸும் பிரித்தோம். பலகைகள் பள்ளிக்கூடத் தோட்டத்தில் காய்கறிப் பாத்திக்குப் போயிருக்கின்றன. உள்ளே காற்றடிக்கிற துருத்தியை அவிழ்த்தபோது அது ஒரு பெருமூச்சு விட்டது. நான் வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

சுவரில் இருந்த கல்யாணப் படங்களில் சட்டங்களை மட்டும் ரீட்டாவிடம் கொடுத்துவிட்டேன். படங்களை ஊர்ச் சரித்திரக் கழகத்திடம் காட்டினேன். தெரிந்த முகங்களை எடுத்துக்கொண்டார்கள். தெரியாத முகங்கள் ஒரு செருப்புப் பெட்டி நிறைய இருக்கின்றன. அதை மட்டும் என்னால் முடியவில்லை, பெவ். வின்ஸ் சிவப்பு ஒட்டினான், நான் பிய்த்தேன், அவன் மறுபடி ஒட்டவில்லை.

நம்முடையது ஆர்கனுக்குப் பின்னால் இருந்தது. உன் தொப்பியில் கொஞ்சம் பூஞ்சை. மற்றபடி நீ அப்படியே இருக்கிறாய்.

எல்லாம் முடிந்ததும் வின்ஸ் பழக்கதோஷத்தில் அடுப்படியில் மிச்சமிருந்த கெட்டிலை எடுக்கப் போனான். “அதை வைடா. இந்த வீடு இன்னும் முடியலை,” என்றேன். அவன் வைத்துவிட்டு எனக்கு ஒரு டீ போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான்.

இதை உனக்காகச் செய்தேன் என்று எழுதமாட்டேன், கிறிஸ்துமஸுக்கும் சொல்லமாட்டேன். அந்தச் செத்துப்போன மனிதரைப் பார்த்துப் பயந்து செய்தேன். உன் துணிமணிகளையும் மிஷினையும் நீ சொன்னபடி கொடுக்க ஏற்பாடு செய்கிறேன். கீழ்த்தளத்தில் ஜன்னலைத் திறந்தால் துறைமுகம் என்கிறாய். இங்கே ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக்காரனின் படகு. நான் எதைச் சொல்லி உன்னைக் கூப்பிட?

நெவில்


ஸ்ட்ரோம்நெஸ்
ஏப்ரல் 27

நெவில்,

தபால் அட்டையில் இடமில்லை. செருப்புப் பெட்டியை யாரும் உன்னை எறியச் சொல்லவில்லை. நாற்காலி போய்விட்டதா? எந்த வீட்டுக்கு? யார் உட்காருகிறார்கள் என்று மட்டும் தெரிந்தால் போதும். கீழ்த்தளக்காரி நேற்றும் கேட்டாள்.

பெ.


பிரிட்லிங்டன்
மே 6

என் பெவ்,

இந்தத் தாளைக் கடையில் வாங்கினேன். கட்டு பிரிக்காதது. தலையில் யார் பெயரும் இல்லை என்பதைக் கவனித்துக்கொள்.

நாற்காலியைக் கொடுக்க எனக்கு மனசில்லை. அதனால்தான் கடைசிவரை வைத்திருந்தேன். இந்த வீட்டிலேயே நாம் கடையில் போய்ப் புதிதாக வாங்கிய பொருள் அது ஒன்றுதான். தவணை முடியும்வரை நான் அதில் உட்காரவே கூடாது என்று நீ சட்டம் போட்டாய், முடிந்த பிறகும் அதை நீக்கவில்லை. ஆனாலும் சொன்னது நீ. அட்டை வந்த மறுநாள் ரீட்டாவிடம் ஏற்றிக்கொண்டு போனேன்.

அங்கே ஒரு பெண் இருந்தாள். மீன் தொழிற்சாலையில் நாளெல்லாம் நின்று வேலை செய்கிறவள், முதுகு போய்விட்டது. நாற்காலி வண்டியிலிருந்து இறங்குவதற்குள்ளேயே வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. “இதுல ஒக்காந்தா கண்ணு தானா சொருகுதே,” என்றாள். நீ சொல்வாயே, அதே வார்த்தை. நல்ல வீடுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ரீட்டா அவளை எழுப்பிவிட்டு மெத்தையைப் புரட்டினாள்.

“நெவில். லேபிள் எங்க?”

பெவ், எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நாற்காலி வந்த அந்தச் சனிக்கிழமை. நீ கோடைப் பாவாடை கட்டியிருந்தாய். மெத்தை ஓரத்தில் தொங்கின லேபிள் முழங்காலுக்குப் பின்னால் குத்துகிறது என்று கத்தினாய். நான் கம்பி வெட்டுகிற கத்தரியைக் கொண்டுவந்து கொடுத்தேன். “எவன் பார்க்கப் போறான்,” என்று நறுக்கென்று வெட்டினாய். ஊர் முழுக்க லேபிளை வெட்டாதீர்கள், வெட்டாதீர்கள் என்று நோட்டீஸ் ஒட்டுகிறவனின் வீட்டில் அவன் கத்தரியாலேயே அவன் பெண்டாட்டி வெட்டியிருக்கிறாள்.

“யாரு வெட்டினது?” என்றாள் ரீட்டா.

“என் வீட்டுக்காரி.”

“நீ என்ன பண்ணிக்கிட்டிருந்தே?”

“கத்தரி எடுத்துக் கொடுத்தேன்.”

அவள் சிரிக்கவில்லை. உனக்குத்தான் அவளைத் தெரியுமே, கடவுளே வந்து ஒரு சோபாவை இறக்கினாலும் மெத்தையைத் தூக்கிப் பார்ப்பாள். கடைசியில் எனக்காக ஒன்று மட்டும் சொன்னாள்: “அதே லேபிள் கிடைச்சா கொண்டா. அது இருந்த அதே தையல்ல நானே வச்சுத் தச்சுத் தர்றேன், என் கண்ணு முன்னால. அப்படின்னா அந்தப் பொண்ணுக்குக் கொடுக்கலாம். இல்லைன்னா உலைக்குத்தான். பதினேழாம் தேதி லாரி வருது.”

லாரி வரும்வரை கடையில் விட்டுவைக்க மனசு கேட்கவில்லை. வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன். இப்போது முன்னறையில், ஜன்னலோரம், தன்னந்தனியாக இருக்கிறது. சுற்றிலும் தரை தெரிகிறது. நம் வீட்டுத் தரை இந்த நிறம் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

அதனால் கேட்கிறேன். அந்த லேபிளை நீ எறிந்திருக்கமாட்டாய் என்று நினைக்கிறேன், எங்காவது இருந்தால் அனுப்பு. அந்தப் பெண்ணின் முதுகுக்கு நன்றாக இருக்கும். நீ கொடு என்றாய், நான் கொடுக்கிறேன். கீழ்த்தளத்தை எடுத்துக்கொள், உன் கால் நன்றாக இருந்தால் போதும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். அப்படி எழுதிவிட்டேன், பார்த்தாயா. ஆனால் அது பொய். எனக்கு நீ வேண்டும், பெவ். இத்தனை இடத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? ஒரு சின்ன விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், சிரிக்காதே. ஆஸ்பத்திரிக்காரி எழுதிவைத்துப்போன வாக்கர் அகலத்துக்கு ஒரு கட்டையை அறுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, வாசலிலிருந்து படுக்கைவரை நடந்து பார்த்தேன். எங்கேயும் இடிக்கவில்லை. திரும்பி வரும்போதும் இடிக்கவில்லை.

நெவில்


ஸ்ட்ரோம்நெஸ்
மே 11

அன்புள்ள நெவில்,

சிரித்தேன். கட்டையைப் பிடித்துக்கொண்டு நீ நடந்த இடத்தில் சிரித்தேன், அப்புறம் ஐரீன் வந்து ஏன் அழுகிறாய் என்று கேட்டாள். கடிதத்திலும் நீ ஜெயிப்பாய் என்று தெரிந்திருந்தால் தபாலையும் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்.

பொத்தான் டப்பாவைப் படுக்கையில் கொட்டினேன். உன் பழைய மேல்கோட்டுப் பொத்தான்கள், ஐரீனின் கல்யாண உடைக் கொக்கிகள், அடியில் ஒரு ஊசிக் காகிதத்துக்குள் மடித்தபடி லேபிள். ஓரத்தில் உன் கத்தரியின் பல் தெரிகிறது. வெட்டிய அன்றைக்கே எறிந்திருக்கலாம். முதன்முதலாக நமக்கென்று ஒன்று வாங்கியிருக்கிறோம், அதன் சீட்டைப் போய்க் குப்பையில் போடுவதா என்று எடுத்து வைத்தேன். உன்னைக் குடோன்காரன் என்று திட்டிய வாயால் சொல்கிறேன், நானும் ஒன்றை எறியாமல் ஒளித்துத்தான் வைத்திருக்கிறேன். என்னுடையது டப்பாவுக்குள் அடங்குகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த மீன் தொழிற்சாலைப் பெண்ணுக்கு வேறு நாற்காலி பார். நல்லதாகப் பார், லேபிளோடு பார். ஊரில் யாரும் சாகாமலா இருக்கப் போகிறார்கள். அவளை ஏமாற்றிவிடாதே, எனக்கு உறுத்தும்.

தையல் மிஷின் இன்னும் போகவில்லையென்றால் நிறுத்து. போய்விட்டதென்றால் போகட்டும். செருப்புப் பெட்டி கட்டிலுக்கு அடியில் இருக்கலாம். நடைவழிக்கு வந்தால் நான் மறுபடி கப்பல் ஏறுவேன். ஏதாவது ஒரு கெட்டில் மாடிப்படியில் தென்பட்டாலும் அதே கதைதான், இப்போதே சொல்லிவிட்டேன்.

கீழ்த்தளத்தை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லிவிட்டேன். ஐரீன் இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. சாயங்காலம் துறைக்குப் போனபோது இறங்குகிறவர்களை நான் பார்க்கவில்லை. ஏறுகிறவர்களைப் பார்த்தேன்.

நாற்காலியின் கால்களுக்கு அடியில் கட்டை வை. இடுப்புக்கு உயரம் வேண்டும் என்று டேப்புக்காரி சொல்லியிருக்கிறாள், எவ்வளவு என்பது அவள் எழுதிவைத்த தாளில் இருக்கும். அந்த ஆர்கன் பலகையில் ஏதாவது மிச்சமிருந்தால் அதையே அறுத்து வை. எனக்கு ஒன்றும் மனத்தாங்கல் இல்லை.

லேபிளை அனுப்பமாட்டேன். அது டப்பாவிலேயே இருக்கட்டும். அது இல்லாமல் அந்த நாற்காலியை உன்னால் யாருக்கும் கொடுக்க முடியாது, விற்க முடியாது. உலையில் போடத்தான் முடியும், அதற்கு உன்னிடம் தைரியம் கிடையாது என்பது எனக்குத் தெரியும். ஆகையால் அதில் உட்கார நான்தான் வர வேண்டியிருக்கிறது.

பெவ்

இனிமேல் போன் செய்யலாம்.